எல்லாப் பல்பும் எரிந்த கேபிள்

டெலிபோன் கேபிள் சோதிக்கிற டெஸ்டர் ஒன்றைத் தெரிவு செய்வதற்காக நான் கல்முனையிலிருந்து கொழும்புக்கு பஸ் ஏறினேன் என்று சொன்னால் இப்போது என் பிள்ளைகளே சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். அன்றைக்கு எங்கள் வீட்டில் யாருக்கும் சிரிப்பு வரவில்லை. என்னைக் கட்டிய மாப்பிள்ளை பொம்பிளைகளைப் பற்றிப் பொய்க்கதை கட்டி ஊருக்குள் பரப்புகிறான் என்று ஊரே சொல்லிக்கொண்டிருந்தது. அந்தப் பேரை அழிக்க எங்களுக்கு வேறு வழி தெரியவில்லை.

தொண்ணூறுகளின் கடைசி அது. எங்கள் பக்கத்தில் வீட்டுக்கு வீடு ஒருவர் சவூதியிலோ குவைத்திலோ கட்டாரிலோ இருந்தார். வீட்டில் டெலிபோன் வைத்திருந்தவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். ஆகவே எல்லாரும் காசு கொடுத்து டெலிபோன் கதைக்கிற கொமினிகேஷன் கடைக்குத்தான் வருவார்கள். அப்படி நாங்கள் வைத்திருந்த கடை ரோட்டோரம். கடைக்குப் பின்னால் வளவு, வளவின் கடைசியில் எனக்குச் சீதனமாகத் தந்த வீடு. ஆண்களும் பெண்களும் ஒரே டெலிபோன் கூண்டுக்கு முன்னால் வரிசையில் நிற்பது எனக்குப் பிடிக்கவில்லை. பக்கத்தில் ஆம்பிளைகள் காதைத் தீட்டிக்கொண்டு நிற்கும்போது ஒரு பொம்பிளை தன் புருசனோடு என்னத்தைக் கதைப்பாள்? ‘நல்லா இரிக்கன், நீங்க நல்லா இரிக்கீங்களா’ என்று சொல்லி அழுதுவிட்டுப் போவாள். அதனால் ஒரு லைனை மட்டும் எங்கள் வீட்டுப் பின்னறைக்குக் கொண்டுபோய்ப் பெண்கள் பக்கம் என்று ஆக்கினோம். வளவின் பின்வாசலான பின்கடப்பால் வரலாம், திரைக்குப் பின்னால் இருந்து கதைக்கலாம். வாசலில் நான் இருப்பேன். ஒரு ஆண் தலை அந்தப் பக்கம் தெரியாது.

ரோட்டிலிருந்து லைன் இரண்டும் ஒரே கேபிளில் முதலில் வீட்டுக்குத்தான் வந்தன. பெண்களுக்கு ஒன்றை வைத்துக்கொண்டு, மற்றதை அதே கேபிளின் வேறு நூல்களில் திரும்பக் கடைக்கு இழுத்தார் என் மாப்பிள்ளை. வளவு மதிலைச் சுற்றிப் போன நீளமான கேபிள் அது. கம்பியூட்டர்களைத் தொடுக்கிற எட்டு நூல் கேபிள், யாரோ ஒரு அரசாங்கக் கந்தோரில் வயர் போட்ட வேலையில் மிச்சம் வந்ததென்று தந்தது. என் மாப்பிள்ளை நெசவு ஊரான மருதமுனைப் பிள்ளை. தறியில் வளர்ந்த கை. அந்தக் கேபிளின் தோலை உரித்தால் உள்ளே நூல்கள் இரண்டு இரண்டாக முறுக்கிக்கொண்டு கிடக்கும். முறுக்கிய நூலைக் கண்டால் அவருக்குக் கை சும்மா இராது. எல்லா முறுக்கையும் பிரித்து, நீவி நிமிர்த்தி, பாவு நூலை அடுக்குகிற மாதிரி நிறம் நிறமாக வைத்தார். முழு நிற நூல் நாலும் ஒரு பக்கம், வெள்ளைக் கோடு போட்ட நூல் நாலும் மறுபக்கம். இந்த முனையில் எப்படியோ அந்த முனையிலும் அப்படியே. பிளக்குக்குள் வைத்துக் குறட்டால் அமத்தி, கூட வாங்கி வந்த சின்ன டெஸ்டரில் கொழுவினார். பச்சைப் பல்புகள் ஒன்றன் பின் ஒன்றாக ஒழுங்காக எரிந்தன.

“பாரு புள்ள, ஒண்டும் பிசகல்ல,” என்றார்.

நானும் பார்த்தேன். எனக்கும் பெருமைதான்.

எங்களுக்கு இரண்டு ஒழுங்கை தள்ளி ஒரு பிள்ளை இருந்தாள். கல்யாணம் கட்டி இரண்டு மூன்று வருடம் இருக்கும். புருசன் சவூதியில். அவளுக்கு மூத்தவளான ராத்தா குவைத்தில் வீட்டு வேலைக்குப் போயிருந்தாள். ஒரு பகலில் அந்த ராத்தாவோடு கதைக்க வந்தாள். வெளிநாட்டுக்குக் கதைக்கிறவர்கள் எல்லாரும் கத்தித்தான் கதைப்பார்கள், கடல் தாண்டிப் போகவேண்டுமே என்ற நினைப்பு. அவளும் அழுது அழுது கத்தினாள். “அந்த மனிசன் வராமலே இரிக்கட்டும் ராத்தா, வந்தா அடிதான், இனி ஏலா எனக்கு” என்று அவள் சொன்னது வாசலில் இருந்த என் காதிலும் விழுந்தது. நான் எழும்பிப் போய்க் கோழிகளைத் துரத்துகிற மாதிரி முற்றத்தில் நின்றேன். அவள் முகத்தைக் கழுவிக்கொண்டு, முக்காட்டை இழுத்துவிட்டுப் போனாள். நான் அதைப் பற்றி மூச்சுவிடவில்லை. என் மாப்பிள்ளையிடம்கூடச் சொல்லவில்லை.

ஆனால் அந்த வாரமே, அதே சொற்கள், ஒரு எழுத்துக் குறையாமல், அவளுடைய மாமியாரின் குசினி அடுப்படிக்குள் போய்ச் சேர்ந்துவிட்டன. புருசனின் உம்மா அவள். லேசுப்பட்ட மனிசி இல்லை. நேரே மருமகளின் வாசலில் வந்து நின்று, “என்ட மகன் வராமலே இரிக்கட்டும் எண்டு சொன்னயா?” என்று கேட்டிருக்கிறாள். பிள்ளை நடுங்கிப்போய், “அல்லாஹ்ட மேல சத்தியமா நான் சொல்லல்ல மாமி, அந்தக் கடைக்காரர் கட்டிவிட்ட கதை” என்று சொல்லிவிட்டாள். வேறென்ன சொல்வாள்? மாமியார் அந்தக் கையோடு பள்ளிவாசலுக்கு ஆளனுப்பினாள். கடைக்காரன் என் வீட்டுப் பொம்பிளையைப் பற்றிப் பொய்க்கதை கட்டுகிறான், நீங்கள் கேட்கவேண்டும் என்று.

எனக்கு வந்த கோபத்தில் மாமியாரின் வாசலுக்கே போயிருப்பேன். அவர்தான் பிடித்து நிறுத்தினார். பிறகு ஒரு நாள் பின்னறையில் ஒரு தாய் ஜித்தாவில் இருக்கிற மகனோடு சத்தம் போட்டுக்கொண்டிருந்தபோது, அவர் கடையில் ஆரோடோ கதைக்க ரிசீவரைக் காதில் வைத்திருந்தார். வைத்தவர் அப்படியே வீட்டுக்குள் ஓடி வந்தார்.

“புள்ள, உள்ளுக்க கதைக்கிற சத்தம் அங்க வருது. கிணத்துக்குள்ள இரிந்து கதைக்கிற மாதிரி. ஆனா சொல்லுச் சொல்லா விளங்குது.”

ஆம்பிளைகளின் காதில் விழக்கூடாதென்று எந்தக் கேபிளை வளவைச் சுற்றி இழுத்தோமோ, அதே கேபிள்தான் பெண்களின் கதையைக் கொண்டுபோய் ஆம்பிளைகளின் காதில் ஊற்றிக்கொண்டிருந்தது. அந்தப் பகலில் கடைக் கூண்டுக்குள் இருந்த எவனோ ஒரு வாயன் கேட்டு, வெளியில் போய்க் கக்கியிருக்கிறான். அவன் ஆரென்று இன்றுவரை எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் இதை எழுதிக்கொண்டிருக்கமாட்டேன், அவன் வீட்டு வாசலில் நின்றிருப்பேன்.

பள்ளிவாசல் நிருவாகத்திலிருந்து மரைக்கார்மார் வந்தார்கள். நல்ல மனிதர்கள்தான், ஒன்றும் குறை சொல்லமாட்டேன். அவர் உள்ளதைச் சொன்னார்: கேபிளில் ஏதோ கோளாறு, ஒரு லைனின் சத்தம் மற்ற லைனில் கேட்கிறது, நான் ஒன்றும் கட்டிவிடவில்லை. தலைவர் மரைக்கார், “அப்ப அதக் காட்டுங்க தம்பி” என்றார்.

எப்படிக் காட்டுவது? லேசான வழி, ஒரு பொம்பிளையைப் பின்னறையில் இருந்து வெளிநாட்டுக்கு உரத்துக் கதைக்கவிட்டு இவர்கள் முன்னால் இருந்து கேட்பது. “ஒரு பொம்புளையக் கதைக்க உட்டு நாம காதுல வெச்சுக் கேக்கிறதா? அஸ்தஃபிருல்லாஹ்” என்று தலைவர் காதைப் பொத்தினார். அவர் சொன்னதிலும் பிழையில்லை. அவர் பொத்தியதால் எங்கள் வழிதான் அடைபட்டது. என் மாப்பிள்ளை தானே பின்னறைக்குப் போய் ரிசீவரில் ஹலோ ஹலோ என்றார். கடையில் தலைவரின் காதில் லைனின் கூ என்ற இரைச்சல் மட்டும்தான் விழுந்தது. என் மாப்பிள்ளையின் குரல் இயல்பிலேயே தணிந்த குரல், பெண்கள் பக்கத்துக்குள் போய்க் கத்த வேறு ஆம்பிளை எவரும் ஒத்துக்கொள்ளவில்லை. கடைசியில் கூட வந்த ஒருவர், “வயர் பாக்கிற மெசின் வெச்சிரிக்கீங்கதானே, அதக் கொழுவுங்க” என்றார்.

கொழுவினார். நான் திரைக்குப் பின்னால் நின்று துஆ ஓதினேன், ஒரு பல்பாவது எரியாமல் இருக்கட்டும் என்று. பாழாய்ப்போன பல்புகள் எல்லாம் எரிந்தன. ஒன்றன் பின் ஒன்றாக, ஒழுங்காக, பச்சையாக.

“வயர் நல்லாத்தானே தம்பி இரிக்கி,” என்றார் தலைவர். கடுமையாகச் சொல்லவில்லை. கடுமையாகச் சொல்லியிருந்தால் திட்டியாவது மனதை ஆற்றியிருப்பேன். “அடுத்த வெள்ளி ஜும்ஆவுக்குப் பொறகு வாறம். கேபிள்ல பிழையெண்டா அதக் காட்டுங்க. இல்லாட்டி நீங்க அந்தப் புள்ளைக்குப் பதில் சொல்லோணும்.”

பெண்கள் வருவது நின்றுபோனது. பின்கடப்பைத் திறந்து வைத்துக்கொண்டு நான் இருப்பேன், ஒரு சனம் எட்டிப்பார்க்காது. கடைத்தெருவில் அவரைக் கண்டால் கதைத்துக்கொண்டிருந்தவர்கள் வாயை மூடிக்கொள்வார்கள், எங்கே தங்களைப் பற்றியும் ஒரு கதை கட்டிவிடுவாரோ என்ற மாதிரி. அவர் வெளியூரிலிருந்து என் வீட்டுக்கு வந்த மாப்பிள்ளை. அவருக்காக வாய் திறக்க இந்த ஊரில் அவருக்குக் கூடப்பிறந்த காக்காவா தம்பியா, ஆரிருக்கிறார்கள்? சோற்றைப் பிசைந்து பிசைந்து வைத்துவிட்டு எழும்புவார். ஒரு நாள், “நான் மருதமுனைக்கே போய் இரிக்கன் புள்ள, உனக்கும் கெட்ட பேரு” என்றார்.

“போங்க! போனா ஊரு என்ன சொல்லும், கள்ளன் ஓடிட்டான் எண்டுதான் சொல்லும். நீங்க செய்யாததுக்கு என்னத்துக்கு ஓடணும்?” என்று கத்தினேன். கத்திவிட்டுக் குசினிக்குள் போய் வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன். அவர் போய்விடுவார் என்று எனக்கு மெய்யாகவே பயம் பிடித்துவிட்டது.

குறடு வாங்கிய கொழும்புப் புறக்கோட்டைக் கடைக்கு அவரே டெலிபோன் எடுத்து விஷயத்தைச் சொன்னார். கடைக்காரர், ‘டெஸ்டரில் பல வகை இருக்கிறது, உங்களிடம் இருப்பது சும்மா வகை, கேபிளைக் கொண்டு வாருங்கள்’ என்றாராம். மிச்சம் கிடந்த கேபிள் சுருளின் இரண்டு முனையிலும் அதே மாதிரி நிறம் பார்த்து பிளக் அடித்து ஒரு சீலைப் பையில் போட்டார். நானும் வருகிறேன் என்றேன். அவருக்கு வாய் போதாது, எதைத் தந்தாலும் வாங்கிக்கொண்டு வந்துவிடுவார். இந்த முறை தவறிப்போனால் இன்னொரு முறை போக நாள் இல்லை.

அந்தப் புறக்கோட்டைக் கடைக்காரர் எரிச்சலான மனிதர். டெலிபோனைத் தோளில் இடுக்கிக்கொண்டே கண்ணாடி மேசையில் மூன்று டெஸ்டரை எடுத்துப் போட்டார். ஒன்று எங்களிடம் இருந்த அதே பல்பு வகை, கொஞ்சம் பெரிது. இன்னொன்று கீ என்று சத்தம் போடுகிற வகை, சுவருக்குள் ஓடுகிற வயர் எதுவென்று தேடிப் பிடிக்க. மூன்றாவதில் சின்னத் திரை ஒன்று இருந்தது. டெலிபோன் பிளக்கும் கம்பியூட்டர் பிளக்கும் இரண்டும் அதில் கொழுவலாம். விலையைக் கேட்டதும் என் மாப்பிள்ளை என்னைப் பார்த்தார். நான் மேசையைப் பார்த்தேன்.

“இந்தப் பெரிய பல்பு வகை போதும், எல்லாரும் இதைத்தான் கொண்டுபோறாங்க” என்றார் கடைக்காரர்.

“இதுல எங்கட கேபிளப் போட்டுப் பாருங்க,” என்றேன்.

போட்டார். எல்லாப் பல்பும் எரிந்தது. எனக்கு அந்த இடத்திலேயே அதைத் தூக்கி எறியலாம் போல் இருந்தது. கீ சத்தக்காரனைப் பிடித்தார். அதுவும் அந்த முனை வரை கீ என்றது. அதற்குப் பிறகுதான், வேண்டா வெறுப்பாக, திரை வைத்ததில் கொழுவினார். கொஞ்ச நேரம் திரையில் கோடுகள் ஓடின. பிறகு எண்களுக்குப் பக்கத்தில் ஏதோ எழுத்து நின்று மின்னியது. கடைக்காரர் டெலிபோனைக் கீழே வைத்தார்.

“ஆரு இதுக்கு பிளக் அடிச்சது?”

“நான்தான்,” என்றார் என் மாப்பிள்ளை, அடி வாங்கக் காத்திருக்கும் பிள்ளை மாதிரி.

“சோடியைப் பிரிச்சிட்டீங்க. ஒரு லைனுக்கு ரெண்டு நூல். அந்த ரெண்டும் ஒன்றோட ஒன்று முறுக்கிக்கொண்டு போற சோடியா இருக்கவேணும், அப்பத்தான் ஒரு லைன் சத்தம் மற்ற லைனுக்குப் போகாது. நீங்க ஒரு சோடியில ஒன்றையும் இன்னொரு சோடியில ஒன்றையும் எடுத்திருக்கிறீங்க. பல்பு டெஸ்டர் நூல் அந்த முனைக்குப் போகுதா எண்டு மட்டும்தான் பாக்கும். எந்த நூல் எதோட சோடி எண்டு அதுக்குத் தெரியாது. இதுக்குத் தெரியும்.”

தன் கேபிள் கெட்டுப்போனது என்று கேட்டு, கடை நடுவில் நின்று அல்ஹம்துலில்லாஹ் சொல்லி அழுத பொம்பிளையை அவர் அதற்கு முன் கண்டிருக்கமாட்டார். “இதத்தான் தாங்க,” என்றேன். கையைக் கடித்தது, கடிக்கட்டும். என் மாப்பிள்ளை திரையைத் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டே நின்றார்.

திரும்பி வரும் வழியில் ஒரு சோதனைச் சாவடியில் எல்லாரையும் இறக்கினார்கள். என் பைக்குள் வயரும் பெட்டியும் திரையும். அந்த யுத்த காலத்தில் அப்படிப்பட்ட சாமானைப் பையில் வைத்திருந்தால் என்ன நினைப்பார்கள் என்று சொல்லத் தேவையில்லை. சோதித்த பொலிஸ்காரப் பெண் அதை எடுத்து ஒரு பொத்தானை அமத்தினாள். பீப் என்றது. அவள் பின்னுக்குப் பாய்ந்தாள், துவக்கோடு நின்றவர்கள் முன்னுக்குப் பாய்ந்தார்கள். அவர் தனக்குத் தெரிந்த அரைகுறைச் சிங்களத்தில் டெலிபோன் மாத்தயா, டெலிபோன் என்று கும்பிடாத குறையாகச் சொன்னார். கேபிளைக் கொழுவிக் காட்டச் சொன்னார்கள். அவர் அமத்த அமத்த பிளக் ஏறவில்லை. நான் வாங்கிக் கொழுவினேன். திரையில் அந்த எழுத்து மின்னியது. என்னைப் பிடித்தாலும் பரவாயில்லை, அந்தப் பெட்டியைப் பறித்துவிடக்கூடாதே என்றுதான் எனக்கு இருந்தது. விட்டுவிட்டார்கள். பஸ்ஸில் இருந்த சனம் எங்களால் பயணம் சுணங்கிப்போனதென்று முறைத்தது.

ஊர் வந்து சேர்ந்ததும் என் வாய் சும்மா இருந்ததா? ஒழுங்கையில் கண்டவர்கள் எல்லாரிடமும் சொன்னேன். “கொழும்புல இரிந்து மெசின் வந்திரிக்கி, ஜும்ஆவுக்குப் பொறகு வாங்க, ஆரு பொய் சொன்ன எண்டு பாருங்க.” எத்தனை நாள் குனிந்து நடந்தேன், அன்றைக்குக் கொஞ்சம் நிமிர்ந்து நடக்க ஆசை.

வியாழன் பகல், அந்தப் பிள்ளை பின்கடப்பால் வந்தாள். கொஞ்சம் மெலிந்துபோயிருந்தாள். வந்தவள் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

“ராத்தா, அந்த மெசினக் காட்டாதீங்க.”

“என்ன புள்ள கதைக்கிற? என்ட மனிசன்ட பேரு நாறிப்போய்க் கிடக்கு.”

“கேபிள்ல பிழையெண்டா, கடையில கேட்டது உண்மையெண்டு ஆகிடும். அப்ப நான் சொன்னதும் உண்மையெண்டு ஆகிடும். மாமி மகனுக்கு அறிவிச்சிட்டாங்க. நான் சொல்லல்ல எண்டு சொன்னத்தால மட்டும்தான் தலாக் சொல்லாம இரிக்காரு. எனக்கு என்ன வந்தாலும் பரவாயில்ல ராத்தா. எனக்குப் பின்னால ரெண்டு தங்கச்சி கட்டாத குமரா இரிக்கி. ஒண்டுக்குக் கல்யாணக் கதை வந்திரிக்கி. நான் தலாக்காகி வீட்டோட இரிந்தா அதுகள ஆரு கட்டுவாங்க? வாப்பா படுக்கையில.”

நான் கையை உதறினேன். ஆமாம், உதறினேன். “நீ பள்ளிக்கு முன்னால என்ட மாப்பிளையப் பொய்யனாக்கக்குள்ள எங்கட வீட்டப் பத்தி நினைச்சயா?” என்று கேட்டேன். அவள் நிலத்தில் குந்திவிட்டாள். அழக்கூட இல்லை. பிறகு எழும்பி முக்காட்டைச் சரிபார்த்துக்கொண்டு போய்விட்டாள்.

அவர் வந்ததும் அத்தனையையும் கொட்டினேன். “கேட்டயளா அவட ஞாயத்த! தன்ட குமர் கரையேறுறதுக்கு நாம கடல்ல உழணுமாம்!” அவர் சிரிப்பார், அல்லது அவளைத் திட்டுவார் என்று நினைத்தேன். அவர், “ரெண்டு குமரா?” என்று மட்டும் கேட்டார். ஓம் என்றேன். அதற்குப் பிறகு அவர் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. நானும் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. புதிய டெஸ்டரை அலுமாரியில் சீலைக்குள் சுற்றி வைத்தேன்.

ஜும்ஆ முடிந்து மரைக்கார்மார் வந்தார்கள். கடைக்குள்ளும் ரோட்டிலும் சனம். பின்கடப்புப் பக்கம் பெண்கள், அவர்களுக்குள் அந்த மாமியாரும் நின்றாள். நான் அலுமாரியிலிருந்து டெஸ்டரை எடுத்துக்கொண்டு கடைக்குப் பின்கதவில் தொங்கிய திரை வரை வந்தேன். அவர் திரும்பிக் கை நீட்டுவார், கொடுக்கவேண்டும். அதற்காகக் காத்துக்கொண்டு நின்றேன்.

அவர் திரும்பவில்லை. மேசை லாச்சியைத் திறந்து பழைய பல்பு டெஸ்டரை எடுத்தார். கொழுவினார். எல்லாம் எரிந்தது.

“கேபிள்ல பிழையில்ல,” என்றார். அவரின் தணிந்த குரலைக் கேட்க எல்லாரும் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றார்கள். “அந்தப் புள்ள ஒண்டும் சொல்லல்ல. நான்தான் கடையில இரிந்த ஆக்களோட பகிடிக்கு ஒரு கதை கட்டிச் சொன்ன. என்னில பிழை. மன்னிச்சிக்கங்க.”

திரையைப் பிடித்து இழுத்தேன். பாதி முகம் வெளியில் வந்துவிட்டது, கையில் அந்தப் பெட்டி. கத்தினால் முடிந்தது. இந்தா பாருங்கள், கொழுவிப் பாருங்கள் என்று ஒரு சொல். அவர் அப்போதுதான் என்னைத் திரும்பிப் பார்த்தார். “உள்ளுக்குப் போ புள்ள,” என்றார். கட்டிய நாள் தொட்டு என்னை அவர் உள்ளே போ என்று சொன்னதேயில்லை. கட்டளை மாதிரியும் சொல்லவில்லை, கெஞ்சினார். ஊர் முன்னால் அத்தனை பேச்சையும் தாங்கிக்கொண்டு நின்ற மனிதர் என்னிடம் மட்டும் கண்ணால் கெஞ்சினார். நான் திரையை விட்டுவிட்டேன்.

அன்றைக்குப் பின்னேரம் அவரோடு நான் போட்ட சண்டையைச் சொல்ல எனக்கு வார்த்தை இல்லை. பள்ளிக்காரர்களுக்கு முன்னால் பொய் சொன்னீர்களே என்றேன். ஆரோ பெற்ற குமருக்காக என் பிள்ளைகளின் வாப்பாவைச் சந்தியில் விற்றீர்களே என்றேன். “நமக்கு இன்னொரு தொழில் கிடைக்கும் புள்ள,” என்றார். அவ்வளவுதான் சொன்னார். அடுத்த ஜும்ஆவில் எல்லாருக்கும் முன்னால் எழும்பி மன்னிப்புக் கேட்டார். கேட்டு முடிய, பக்கத்தில் இருந்தவர்கள் கொஞ்சம் தள்ளி இருந்ததாகப் பின்னால் ஒருவர் வந்து என்னிடம் சொன்னார். கடையை மூடினோம். மருதமுனையில் சொந்தக்காரர் ஒருவரின் தறிக்கொட்டிலுக்கு அவர் காலையில் போய்ப் பொழுதுபட வருவார். அங்கேயும் கதை போயிருந்தது.

அந்தப் பிள்ளையின் தங்கச்சிக்குக் கல்யாணம் வந்தது. ஊர் முழுக்க அழைத்தார்கள், எங்களைத் தவிர. நான் போனேன். அழைக்காத வீட்டுக்குப் போகிற வழக்கம் எங்கள் பரம்பரையிலேயே இல்லை. இருந்தும் போனேன். என் மனிசன் தன் பேரைக் கொடுத்து வாங்கிய பொருள் எப்படி இருக்கிறதென்று என் கண்ணால் பார்க்கவேண்டும் என்று ஒரு வெறி. பொண்ணு சிவப்புச் சேலையில், நெற்றிச்சுட்டியோடு, தலை குனிந்து இருந்தாள். கூடிச் சாப்பிடுகிற பெரிய சோற்றுத் தட்டான சஹன் வைத்தார்கள். ஒரு சஹனைச் சுற்றி ஆறு பொம்பிளைகள். ஆறாவது ஆளில்லாத ஒரு சஹனில் நான் போய்க் குந்தினேன். எனக்கு எதிரே அந்தப் பிள்ளை. அவளுக்குப் பக்கத்தில் மாமியார்.

அவள் என்னைக் கண்டாள். சோற்றில் வைத்த கை அப்படியே நின்றது. மாமியார் மருமகளின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள், என்ன செய்கிறாள் பார்ப்போம் என்று.

“இவங்கட சஹன்ல நான் திங்கிறல்ல,” என்று சொல்லிவிட்டு அந்தப் பிள்ளை எழும்பினாள். உரத்துத்தான் சொன்னாள். ஒவ்வொருவராக மற்றவர்களும் எழும்பினார்கள். சஹனுக்கு முன்னால் நான் மட்டும் இருந்தேன். அவள் கழுவாத கையை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு நின்றாள். எனக்கு வாய் இருந்தது. அந்த வீட்டுக் கல்யாணத்தை அந்த இடத்திலேயே நிறுத்த எனக்கு ஒரு சொல் போதும். நான் சோற்றைத் தொடாமல் எழும்பி, செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன்.

அவர் தறியிலிருந்து வந்து முற்றத்தில் கால் கழுவிக்கொண்டிருந்தார்.

“எங்க போன?”

“கல்யாண வீட்டுக்கு.”

அவர் நிமிர்ந்து பார்த்தார். “பொண்ணு எப்பிடி இரிக்கா?”

“வடிவா இரிக்கா.”

“உனக்குச் சோறு தந்தாங்களா?” என்றார். அவர் முகத்தில் அத்தனை காலத்துக்குப் பிறகு ஒரு சின்ன ஆசை தெரிந்தது.

“ஓம், அந்தப் புள்ளையே கையைப் புடிச்சிக் கூட்டிட்டுப் போய்த் தன்ட சஹன்ல இரித்தினா,” என்றேன். “வயிறு முட்டத் திண்டிட்டன்.” குசினிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, பானையின் அடியில் கிடந்த காலைச் சோற்றை வழித்துத் தின்றேன்.